அப்டேட்டுக்குப் பிறகு கார் பேட்டரியின் ரேஞ்ச் குறைந்துவிட்டது: கிருஷ்ணகிரியில் இருந்தபடியே வழக்குத் தொடுக்க முடியுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 2024 ஜனவரியில் ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். விஷயம் வழக்கு வரை போகக்கூடும் என்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் தாயாரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெங்களூருவில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். போக 90, வர 90, நகருக்குள் 25 என மொத்தம் 205 கிலோமீட்டர். வழியில் எங்கும் சார்ஜ் போடாமல் போய்த் திரும்பலாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றரை ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. வீடு வந்து சேரும்போது 27, 28 சதவீதம் மீதம் இருக்கும்.

2025 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு இரவு, புதிய மென்பொருள் வந்திருப்பதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. செயல்திறன் மேம்பாடு என்று மட்டும்தான் அதில் எழுதியிருந்தது. நானும் 'சம்மதம்' என்பதைத் தொட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். அடுத்த பெங்களூரு பயணத்தில் வீடு வந்தபோது மீதமிருந்தது 14 சதவீதம். அதற்கடுத்த முறை ஓசூரில் போக்குவரத்து நெரிசலால் வேறு பாதையில் சுற்றி வர வேண்டியதாகி, சூளகிரியைத் தாண்டும்போது 9 சதவீதம் காட்டியது. பயந்துபோய் ஏ.சி.யை அணைத்தேன். பின் இருக்கையில் இருந்த அம்மா, மருத்துவமனைக் கோப்பை விசிறியாக மடித்து வீசிக்கொண்டே வந்தார். அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜருக்கென்று தனியாக ஒரு சிறு மீட்டர் பொருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை சதவீதம் வரை ஏற்றினோம், எத்தனை யூனிட் ஓடியது என்பதை என் மனைவி ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறார். அப்டேட்டுக்கு முன்பு 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற 40 யூனிட் ஆகும். இப்போது 33.5 யூனிட்டிலேயே 100 என்று காட்டி நின்றுவிடுகிறது.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "பேட்டரி ஆரோக்கியம் 84 சதவீதம் இருக்கிறது. 70-க்குக் கீழே போனால்தான் வாரண்டி. இது இயல்பான தேய்மானம்" என்கிறார்கள். எழுத்தில் தர மறுக்கிறார்கள். வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். என் கார் ஓடியிருப்பது 31,000 தான். இது உண்மையிலேயே தேய்மானமா? இல்லையென்றால் சட்டப்படி எனக்கு என்ன வழி? சென்னைக்கும் டெல்லிக்கும் அலையும் வசதி எனக்கு இல்லை.

பதில் 1: ஓசூர் பேட்டரிப் பொறியாளர்

ஐயா, வணக்கம். மின்சார வாகன பேட்டரிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதலில் உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட புகார்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திரையில் தெரியும் கிலோமீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடும் மதிப்பீடு. அப்டேட்டில் அந்தக் கணக்கு முறையை மட்டும் மாற்றினாலும் பேட்டரியில் ஒரு குறையும் இல்லாமல் எண் இறங்கும். யூனிட் கணக்கு அப்படிப்பட்டதில்லை. ஒரே மீட்டர், ஒரே சார்ஜர், ஒரே சதவீத இடைவெளி, ஆனால் உள்ளே போகும் மின்சாரம் ஆறரை யூனிட் குறைவு என்றால், பயன்படுத்தக் கிடைக்கும் கொள்ளளவு குறைந்திருக்கிறது என்றே பொருள். 285 கிலோமீட்டர் ஓடிய கார் இதே கணக்கில் 238 தான் ஓடும். நீங்கள் சொன்ன 28 சதவீதமும் 14 சதவீதமும் அதனுடன் சரியாகப் பொருந்துகின்றன.

ஏன் குறைந்தது என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். தன் கணக்கைத் தவறவிட்டிருக்கலாம். இரும்பு பாஸ்பேட் வகை செல்களில் இது அடிக்கடி நடக்கும். அவற்றின் மின்னழுத்தம் சார்ஜ் பாதியில் இருந்தாலும் முக்காலில் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பி.எம்.எஸ். கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அப்டேட்டின்போது பழைய கணக்கு அழிந்திருந்தால், வீட்டுச் சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றி, செல்கள் சமமாவதற்காகச் சில மணி நேரம் இணைப்பிலேயே விட்டு, இப்படி மூன்று நான்கு முறை செய்தால் திரும்ப வந்துவிடும். இதை முதலில் செய்து பார்த்துவிடுங்கள். செய்யாமல் போனால் நிறுவனம் இதையே காரணமாகச் சொல்லும்.

இரண்டாவது, ஏதோ ஒரு செல் பலவீனமாகி இருக்கலாம். வரிசையாக இணைத்த செல்களில் மிகவும் பலவீனமானது எவ்வளவு தாங்குமோ, மொத்த பேட்டரியும் அவ்வளவுதான் தாங்கும். புதிய மென்பொருள் அதைக் கண்டுபிடித்து வரம்பைக் குறைத்திருந்தால், அது வாரண்டிக்குள் மாற்றித் தர வேண்டிய பழுது.

மூன்றாவது, நிறுவனமே உச்ச மின்னழுத்தத்தைக் குறைத்திருக்கலாம். நிக்கல் வகை செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். அதை 4.1-இல் நிறுத்தினாலே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். திரையோ அந்தப் புதிய உச்சத்தையே 100 என்று காட்டும். செல்களின் ஆயுளைக் காக்கவோ தீப்பிடிக்கும் ஆபத்தைத் தவிர்க்கவோ இப்படிச் செய்வார்கள். பொறியியல் முறையில் அதில் தவறில்லை, உரிமையாளரிடம் சொல்லாமல் செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தேய்மானம் என்ற பதிலை நான் நம்பவில்லை. தேய்மானம் மாதக் கணக்கில் சிறிது சிறிதாக வரும். ஒரே இரவில் 16 சதவீதம் தேயாது.

சர்வீஸ் சென்டரில் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், மொத்த பேட்டரியின் மின்னழுத்தம். அப்டேட்டுக்கு முந்தைய ஜாப் கார்டுகளை (சர்வீஸ் விவரம் எழுதித் தரும் தாள்களை) தூக்கி எறிந்துவிடாதீர்கள். மென்பொருளின் பதிப்பு எண் தெரியும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அளவுகளை எல்லாம் பதிவு செய்து முடிக்கும் வரை, பாதுகாப்புக்கானது என்று தெளிவாகச் சொல்லாத எந்தப் புதிய அப்டேட்டையும் ஏற்க வேண்டாம். அடுத்த பதிப்பு வந்துவிட்டால் இப்போதுள்ள நிலையை மெய்ப்பிக்க வழியில்லாமல் போகும்.

பதில் 2: தருமபுரி வழக்கறிஞர்

ஆசிரியருக்கு வணக்கம். நுகர்வோர் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், கார் ஓசூரில் வாங்கியதாக இருந்தாலும், கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்குப் போதும். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் அதிகார வரம்பும் அங்கேதான். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். 2025 ஜனவரி முதல் உள்ள இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காணொளி மூலம் விசாரணை கேட்கவும் இடமுண்டு. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை.

புகாரை எந்தச் சொற்களில் எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. "பேட்டரி தேய்ந்துவிட்டது, மாற்றித் தாருங்கள்" என்று எழுதினால், நீங்களே வாரண்டி என்ற வளையத்துக்குள் போய் நிற்கிறீர்கள். 70 சதவீத வரம்பைக் காட்டி அவர்கள் எளிதாகத் தப்பிவிடுவார்கள். நீங்கள் எழுத வேண்டியது இதுதான்: "நான் விலை கொடுத்து வாங்கிய கொள்ளளவில் ஒரு பகுதியை, விற்பனைக்குப் பின், எனக்கு அறிவிக்காமல், மென்பொருள் மூலம் எடுத்துக்கொண்டார்கள்." இப்படிச் சொன்னால் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் துணைக்கு வரும். 2(10)-இல் 'குறைபாடு' என்பதன் பொருள், விற்பவர் எந்த வகையில் உறுதி கூறியிருந்தாலும் அந்தத் தரத்திலிருந்து குறைவதையும் உள்ளடக்கியது. 2(11)-இல் 'சேவைக் குறைபாடு' என்பது, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. செயல்திறன் மேம்பாடு என்று எழுதிவிட்டுக் கொள்ளளவைக் குறைத்தால், மறைத்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வேறு குழுக்களில் பலர் 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தின் கீழ், அதாவது 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகளில், இழப்பீடு கேட்கலாம் என்று எழுதுகிறார்கள். அது தவறான வழி. அங்கே 'தீங்கு' என்ற சொல்லின் பொருளிலேயே, அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதமும் வணிக இழப்பும் விலக்கப்பட்டுள்ளன. பேட்டரியால் வீடு தீப்பிடித்தால் அந்த அத்தியாயம் உதவும். ரேஞ்ச் குறைந்ததற்கு உதவாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவையும் சிலர் சொல்கிறார்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி ஒன்றின் பயன்பாட்டு மதிப்பைக் குறைப்பது அதில் வரும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் 'சம்மதம்' தொட்டிருக்கிறீர்கள். தகவல் கொடுக்காமல் வாங்கிய சம்மதம் சம்மதமாகுமா என்ற வாதம் நல்ல வாதம்தான் என்றாலும், அதை முதல் வழக்காகத் தொடங்க நான் அறிவுரை சொல்ல மாட்டேன். உரிமையாளர் கையேட்டில் "மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியே செல்லாது, நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாட வேண்டுமானால் அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

மெய்ப்பிக்கும் சுமை உங்களுடையது. கார் வழக்குகள் பெரும்பாலும் தோற்பது நிபுணர் அறிக்கை இல்லாததால்தான். பரிசோதனையின்றிக் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப 38(2)(c) பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரலாம். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. அது தூரம் என்றால், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியின் மின்னியல் துறையிலிருந்து ஒருவரை நிபுணராக நியமிக்கும்படி மனுவில் கேட்டுப் பாருங்கள். அத்துடன், அந்த அப்டேட்டில் என்ன மாற்றினார்கள் என்ற ஆவணத்தையும், உங்கள் காரிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போன பதிவுகளையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஓர் இடைக்கால மனு போடுங்கள். ஆவணங்களை வரவழைக்கும் விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. தராவிட்டால் அதுவே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில், நீட்டித்தால் கூடுதலாக 15 நாளில் பதில் போட வேண்டும். 45 நாளுக்கு மேல் அவகாசம் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கும் மேல் ஆகும், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்களுக்கு 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது, ஆனாலும் தாமதிக்காதீர்கள்.

வெளிநாட்டு முன்னுதாரணங்களைச் சொல்கிறேன். நம் ஆணையத்தை அவை கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு வலு சேர்க்கும். 2019-இல் டெஸ்லா அனுப்பிய ஓர் அப்டேட்டுக்குப் பிறகு பழைய மாடல் எஸ் கார்களின் ரேஞ்ச் குறைந்தது. நார்வேயில் உரிமையாளர்கள் சமரச மன்றத்துக்குப் போனார்கள். நிறுவனம் பதிலே தாக்கல் செய்யாததால், 2021-இல் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 1,36,000 குரோனர் (நார்வே நாணயம்) தரும்படி முடிவானது. அமெரிக்காவில் அதே ஆண்டு 1,743 கார்களுக்காக 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டு, ஆளுக்குக் கிடைத்தது 625 டாலர். இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆனால் அமெரிக்க வழக்குக்குப் பின் பெரும்பாலான கார்களுக்கு மின்னழுத்தம் திரும்பக் கிடைத்தது. உங்களுக்கும் பணத்தைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எனவே கோரிக்கையில் முதலில் "பழைய கொள்ளளவைத் திரும்பத் தருக", அது இயலாவிட்டால் "பேட்டரியை மாற்றித் தருக", அதுவும் இயலாவிட்டால் "விலையில் உரிய பங்கைத் திருப்பித் தருக" என்ற வரிசையில் கேளுங்கள்.

பதில் 3: பாலக்கோடு வாடகைக் கார் ஓட்டுநர்

ஐயா, எனக்கும் போன ஆண்டு இதே போல ஆனது. நான் ஒரே ஒரு மின்சாரக் காரை வைத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறேன். அப்டேட்டுக்கு முன்பு, பாலக்கோட்டிலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு ஆளைக் கொண்டு போய் விட்டுத் தொப்பூர் கணவாய் ஏறித் திரும்பி வந்தாலும், தருமபுரிக்குள் இன்னொரு சவாரி எடுப்பேன். அப்டேட்டுக்குப் பிறகு அந்த இரண்டாவது சவாரியை எடுக்கவே முடியவில்லை. மூன்று மாதம் அப்படி ஓடியது. பொறியாளர் சொன்னது போல மெதுவாக முழு சார்ஜ் போட்டு இணைப்பிலேயே விட்டதில், என் வண்டிக்குப் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிட்டது. என்னுடையது இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதனால் ஆசிரியர் ஐயாவும் அதை முதலில் செய்து பார்ப்பது நல்லது.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். வாடகைக்கு ஓட்டுகிறவன் நுகர்வோர் இல்லை, உன் புகாரை எடுக்க மாட்டார்கள் என்று ஷோரூமில் சொன்னார்கள். அதனால் நான் புகாரே கொடுக்கவில்லை. அது உண்மையா?

பதில் 4: தருமபுரி வழக்கறிஞர்

தம்பி, உண்மையில்லை. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2(7) பிரிவு சொல்கிறது. ஆனால் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அதே பிரிவின் விளக்கம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஒரே காரை நீங்களே ஓட்டிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். பத்துக் கார் வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்குத்தான் சிக்கல். நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கியவர்களும் இதைக் கவனிக்கலாம்: இயக்குநரின் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார், அந்தக் காரணத்தால் மட்டுமே வணிக நோக்கம் ஆகிவிடாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஏற்றிருக்கிறது. உங்கள் புகாரில், ஓட்டுநர் உரிமமும் வண்டிக் கடன் தவணை விவரமும் இணைத்து, குடும்பத்தின் ஒரே வருமானம் இதுதான் என்று பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி விடுபட்டதால் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் இழந்த சவாரிக்கு உங்கள் ஆப்பில் உள்ள பயணப் பதிவே கணக்கு.

ஆசிரியரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி நான்கு முறை மெதுவாக ஏற்றி, இரவு முழுவதும் இணைப்பிலேயே விட்டேன். மீட்டர் காட்டியது 33.5, 33.7, 33.6, 33.6 யூனிட். மாற்றம் இல்லை. கையேட்டைப் பார்த்ததில் என்னுடையது நிக்கல் வகை செல். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு, சர்வீஸ் சென்டரில் செல் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார்கள். வரிசையாக இணைத்த 96 செல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன; முழு சார்ஜில் எதுவும் 4.02 வோல்ட்டைத் தாண்டவில்லை. மொத்தம் 386 வோல்ட்.

பீரோவில் தேடியதில் முதல் ஆண்டு சர்வீஸின் ஜாப் கார்டு கிடைத்தது. அதன் கடைசி வரியில், 100 சதவீதத்தில் பேட்டரி மின்னழுத்தம் 401 என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இது போதுமா?

பதில் 5: ஓசூர் பேட்டரிப் பொறியாளர்

போதும் ஐயா. 401-ஐ 96-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 4.18 வோல்ட் வருகிறது. எல்லா செல்களும் ஒரே சீராக 4.18-இலிருந்து 4.02-க்கு இறங்கியிருக்கின்றன. பழுதான செல் இருந்தால் அது ஒன்று மட்டும் விலகித் தெரியும். தேய்ந்த பேட்டரியும் முழு சார்ஜில் பழைய உச்ச மின்னழுத்தத்தைத் தொடவே செய்யும், கொள்ளளவில்தான் குறைவு தெரியும். இது மென்பொருள் போட்ட வரம்பு. நிபுணராக யார் வந்தாலும் இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆபத்தைத் தவிர்க்க அந்த வரம்பைப் போட்டிருக்கக்கூடும் என்பதால், வெளியாட்களிடம் கொடுத்துப் பழைய மென்பொருளை ஏற்றிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஷெவ்ரோலே போல்ட் கார்களில் 2020 நவம்பரில் முதலில் சார்ஜை 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு செல்களிலேயே குறை என்று தெரிந்து பேட்டரியையே மாற்றித் தந்தார்கள். உங்கள் காரிலும் காரணம் அதுவாக இருந்தால், கேட்க வேண்டியது புதிய பேட்டரி.

பதில் 6: தருமபுரி வழக்கறிஞர்

பொறியாளர் சொன்ன கடைசிக் கருத்தை, வழக்குக்கு முன் நிறுவனத்துக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே கேள்வியாக வையுங்கள்: "இந்த வரம்பு பாதுகாப்புக்காகப் போடப்பட்டதா, இல்லையா?" ஆம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110A பிரிவின்படி, குறையுள்ள வாகனங்களை நிறுவனம் திரும்பப் பெறுதல் பற்றிய கேள்வி எழுகிறது, அரசின் வாகன் இணையதளத்தில் நீங்களும் புகார் பதியலாம். இல்லை என்றால், கொள்ளளவைக் குறைக்க அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எந்தப் பதிலும் உங்களுக்கு உதவும்.

நோட்டீஸை உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் தனித்தனியாக ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன. ஆவணப் பட்டியலில் முதலாவது பழைய ஜாப் கார்டு, இரண்டாவது புதிய செல் பட்டியல், மூன்றாவது உங்கள் மனைவியின் நோட்டு. அந்த நோட்டை எழுதியவர் அவர் என்பதால் பிரமாணப் பத்திரமும் அவர் பெயரில் ஒன்று வேண்டும். திரைப் படங்களுக்குப் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழை இணையுங்கள்; அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

ஆசிரியரின் மறுமொழி

நோட்டீஸ் எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் தலைமைத் தபால் நிலையத்தில் கொடுக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் எழுத்து மங்கியிருப்பதால், மனைவி அதை இப்போதே நகல் எடுத்து வைத்திருக்கிறார். அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை 22-ஆம் தேதி. அதுவரை ஓசூரில் ஒருமுறை சார்ஜ் போட்டுக்கொண்டே போய் வருவோம்.